ஹவுராவுக்குப் போக யார் கையை யார் பிடிப்பது

பார்வையில்லாத பெண் ஒருத்தி சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குத் தனியாகப் போய்வர முடியுமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தாராளமாக முடியும். எண்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பரில் நானே போய்வந்தேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வையற்ற பெண்களுக்குக் கோல் ஊன்றி நடக்கவும், வேண்டாத கைகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அந்த வகுப்பை ஒரு சனிக்கிழமை நடத்தித் தரும்படி கல்கத்தாவில் ஒரு பார்வையற்றோர் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. டிக்கெட்டும் அவர்களே எடுத்துத் தந்ததால் நான் யோசிக்கவே இல்லை.

சென்ட்ரலில் காலையில் ஏறினால் மறுநாள் முற்பகலில் ஹவுரா. தூரம் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். கீழ் பெர்த் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹவுராவில் இறங்கிய உடனே மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் மணிக்கட்டை, ஒருவர் தோளை, மூன்றாமவர் என் கோலை. மூவரும் நல்லவர்கள்தான், எங்கே போகவேண்டும் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. யாராவது இழுத்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். என் எடைக்கு அது நன்றாகவே வேலை செய்யும். “உங்க முழங்கையைக் குடுங்க, நான் பிடிச்சுக்கறேன்” என்று இந்தியில் சொன்னேன். ஒரு போர்ட்டர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் லேக் மார்க்கெட்டுக்கு டாக்ஸி இருபத்திரண்டு ரூபாய் ஆனது.

இறங்கியதும் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையும் கறிவேப்பிலை வாசனையும் சேர்ந்து வந்தன. கிளம்பிய ஊருக்கே திரும்பிவிட்டேனோ என்று நினைத்தேன். நான் தங்கியது ஒரு வங்கி அதிகாரியின் வீட்டில், இரண்டாவது மாடி. அவர் மகள் ஜெயந்திக்கும் பார்வை கிடையாது, வயது இருபத்திரண்டு. ஹவுராவில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்திருந்தது, திங்கட்கிழமை சேரவேண்டும். கீழ்வீட்டு வங்காளிக்கும் ஹவுராவில்தான் வேலை, பயிற்சி மாதத்தில் செய்தது போலவே அவரே கூட்டிப்போய்க் கூட்டிவருவார் என்று ஏற்பாடு. வங்காளத்தில் சித்தப்பா முறையுள்ளவரைக் காக்கு என்பார்கள். இவருக்கும் அந்த வீட்டில் அதுதான் பெயர்.

வகுப்பில் எட்டுப் பெண்கள். என் வங்காள மொழி அரைகுறை என்பதால் ஜெயந்திதான் மொழிபெயர்த்தாள். சென்னையில் நான் வழக்கமாகத் தொடங்கும் பயிற்சியோடு ஆரம்பித்தேன். உங்களுக்குத் தெரிந்தவர்களைச் சொல்லுங்கள், அவர்களைச் சொந்தக்காரர், பழக்கமானவர், அந்நியர் என்று பிரிப்போம். கல்கத்தாவில் அது படுத்துவிட்டது. பஸ் கண்டக்டர் தாதா என்ற அண்ணன், மிட்டாய்க்கடைக்காரர் மேஷோ என்ற பெரியப்பா, வேலைக்கு வரும் அம்மாள் மாஷி என்ற சித்தி. அந்நியர் பட்டியலில் ஒரு ஆள்கூடச் சேரவில்லை. எல்லோரும் சிரித்தோம். ஜெயந்தி மட்டும், “காக்குவை எதுல சேக்கறது?” என்று தமிழில் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், “பரவால்ல, விடுங்க” என்றாள்.

அதோடு உறவுமுறையை ஓரம் கட்டினேன். அவரை என்ன சொல்லி அழைக்கிறீர்கள் என்பது கிடக்கட்டும், அவர் கை எங்கே இருக்கிறது, எடுங்கள் என்றால் எடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள் என்றேன். பிறகு ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்து நடந்து பார்த்தோம். பிடிப்பது நாமாக இருந்தால், விடுவதும் நம் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தியும் நானும் ஹவுராவுக்குக் கிளம்பினோம், எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. எஸ்பிளனேடு வரை டிராம், நாற்பது பைசா என்று நினைவு. டிராமில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“காக்கு கையைப் பிடிக்கறதில்லக்கா. இடுப்பைச் சுத்திப் பிடிக்கறார். எடுங்கன்னா, நீ விழுந்துடுவேங்கறார். ட்ரெய்னிங் போன ஒரு மாசமும் இப்படித்தான்.”

“வீட்ல சொன்னியா?”

“அம்மாகிட்ட சொன்னேன். கூட்டத்துல அப்படித்தான் இருக்கும், காக்கு நம்ம மனுஷர்னாங்க. அப்பாகிட்ட சொன்னா வேலையே வேண்டாம்னுடுவார்.”

“உன் மேல ஒரு தப்பும் இல்ல. வேலையையும் விட வேண்டாம். முதல்ல வழியைப் பழகிக்கோ. வீட்ல நீ பேசும்போது நான் பக்கத்துல இருக்கேன்” என்றேன்.

எஸ்பிளனேடிலிருந்து சாந்த்பால் காட் படித்துறைக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் நடை. நதிக் காற்று முகத்தில் அடித்தால் வழி சரி. அங்கிருந்து ஃபெர்ரி, பாலத்து நெரிசல் எதுவும் இல்லாமல் ஹவுராவில் இறக்கிவிடுகிறது. தொழிற்சாலை வாசல்வரை போய்த் திரும்பினோம். நடுவில் இரண்டு முறை வழி தவறினோம், ஒரு முறை சண்டை போட்டோம்.

சாயங்காலம் காக்கு டீக்கு வந்தார். நாளை எட்டு மணிக்குத் தயாராக இரு என்றார். ஜெயந்தி வங்காள மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். “நான் வரல காக்கு. இடுப்புலேர்ந்து கையை எடுங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். நீங்க எடுக்கல.”

கண் தெரியாத பெண்ணுக்கு உதவி செய்தால் இதுதான் பலன் என்று அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. ஜெயந்தியின் அப்பா எழுந்து கதவைத் திறந்தார். “கீழ போங்க. இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க” என்றார். காக்குவின் செருப்புச் சத்தம் அடங்கியபின், ஜெயந்தி பயந்தது போலவே, “வேலையைப் பத்தி யோசிக்கணும்மா” என்றார்.

“இன்னிக்கு நானும் அக்காவும் ஹவுரா போயிட்டு வந்தோம்ப்பா.”

“ரெண்டு பேரும் மட்டுமா?”

“திரும்பியும் வந்துட்டோமே.”

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் அதட்டியும் சொன்னேன். கடைசியில் அவர், “போயிட்டு வா” என்றார்.

திங்கட்கிழமை மதியம் எனக்கு ரயில். காலையிலேயே ஜெயந்தி, அவள் அம்மா, நான் என்று மூவருமாகக் கிளம்பினோம். படித்துறையில் ஃபெர்ரிக்கு இறங்கும் பலகை ஆடியது. எனக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

“என்னம்மா, முழங்கையால என் கையைத் தொடறே?” என்று ஜெயந்தி கேட்டாள்.

“நேத்து டீச்சர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுண்டேன். நீ சொன்ன அன்னிக்கே நான் நம்பியிருக்கணும்டி.”

ஏறுங்கள் ஏறுங்கள் என்று படகுக்காரர் கத்தினார். ஜெயந்தி பிடித்துக்கொண்டாள் போலும், வளையல் சத்தம் நின்றது, இருவர் காலடியும் சேர்ந்து பலகையில் இறங்கின.

இனி போகிறவர்களுக்கு. டிசம்பர், ஜனவரி நல்ல மாதங்கள், சால்வை ஒன்று போதும். நான் சொன்ன கட்டணமெல்லாம் பழங்கதை, புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். வழிகாட்ட வருபவரிடம் முழங்கையைக் கேளுங்கள். இல்லை, உன்னை நான்தான் பிடிப்பேன் என்றால், அவர் தாதாவோ காக்குவோ, கையை உதறிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஹவுராவில் ஆளுக்கா பஞ்சம்?