குளியலறை வாசலில் இருந்த தடுப்பு

காலை ஆறே கால் மணி. குளியலறைக் கதவு நிலையின் அடியில், ஹால் பக்கச் சுவரில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. விரல் பட்டதும் ஈரச் சிமென்ட் உதிர்ந்தது. செங்கல்பட்டில் அந்த வீட்டைக் கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை.

வாதம் வந்த பிறகு அப்பாவால் இடது காலைத் தூக்கி வைக்க முடியவில்லை. குளியலறை வாசலில் இருந்த இரண்டு அங்குலத் தடுப்பில் ஒருமுறை இடறினார். மறுநாளே ஆள் வைத்து அதை உடைத்தேன்.

வீட்டைக் கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் குந்தி உட்கார்ந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், இத்த எவன் ஒடச்சான்? வாட்டர் புரூஃப் பூச்சு இதும் மேல ஏறிக்கினு இருந்திச்சு. இப்போ தண்ணி நேரா செவுத்துக்குள்ள பூந்துகினு கீது.”

“அப்பாவுக்குக் கால் தூக்க வரல.”

“பெரியவரு ரெண்டு வாளி ஊத்திக்கினா கொளவாய் ஏரி உங்க ஹாலுக்கே வந்துடும் சார்!”

நான் சிரித்தேன். அப்பா ஹாலில்தான் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

சுவர் காய்ந்தால்தான் புதுப் பூச்சு பிடிக்கும், அதுவரை பார்த்துப் புழங்குங்கள் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் வேலைக்குப் போனார். நினைத்ததைவிடச் சீக்கிரம் சுவர் காய்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மனைவிதான் கவனித்தாள். “மாமாவோட துண்டைத் தொட்டுப் பாருங்க. குளிச்சுட்டு வர்றார், துண்டு நனையவே இல்ல.”

சித்திரை வெயிலில் அவர் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறார். நானும் தினமும் காலையில் குனிந்து பார்த்தேன், சுவரை மட்டும்.

மேஸ்திரி திரும்பி வந்து நிலையின் இரண்டு பக்கமும் கொத்தி, பூச்சை மேலே ஏற்றினார். தடுப்பு இருந்த இடத்தில் கிரானைட் துண்டை உள்பக்கம் சரிவாகப் பதித்தார். காலை இழுத்துக்கொண்டே போகலாம், தண்ணீர் வெளியே வராது.

“இனிமே நல்லா ஊத்திக் குளிங்கப்பா.”

“அந்த ஆளைக் கேட்டியா? செவுத்துக்கு ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாதுப்பா.”

மறுநாள் வாளியை நான் நிரப்பி வைத்தேன். அப்பா குளித்துவிட்டு வந்ததும் உள்ளே போய்ப் பார்த்தேன். வாளியில் முக்கால்வாசித் தண்ணீர் இருந்தது.