பத்தொன்பது நாள் வாழ்ந்த ஹைன்ரிஷ்

செத்துப்போன ஒரு குழந்தையை நான் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினேன். தெரியாமல் செய்தேன். தெரிந்த பிறகு மறைத்தேன். இரண்டாவதுதான் என் குற்றம்.

முன்பின் அறியாத ஒருவருக்கு மூதாதையரைத் தேடிக் கொடுக்கலாம் என்ற எண்ணம் எனக்குள் உதித்த கணம் இன்னும் நினைவிருக்கிறது. எண்பத்தாறாம் ஆண்டு. ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்து அகதி விடுதி. வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. இலங்கையிலிருந்து, பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டோடு ஓடிவந்தவன் நான். சும்மா இருக்கத் தெரியாதவன். குளிருடுப்பு வாங்கத் தேவாலய அலுவலகத்துக்குப் போனபோது, அங்கே செயலாளராக இருந்த ஃபிராவ் ஹில்ட, நம் வழக்கில் திருமதி ஹில்ட, ஓர் ஆங்கிலக் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தார்.

"நான் வாசிக்கட்டுமா?" என்றேன். அவ்வளவுதான்!

எழுதியவர் லிடியா, ஓய்வுபெற்ற ஆசிரியை. அமெரிக்காவில் ஒரு நாட்டுப்புறக் கவுண்டி. நம் மாவட்டம் போல ஒன்று என்று வையுங்கள். அங்குள்ள குடும்பங்களில் பாதி, நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் இந்தக் கிராமத்திலிருந்து போனவை. அவற்றின் வரலாற்றை அவர் நூலாக எழுதிக்கொண்டிருந்தார். எல்லாரையும் பிடித்துவிட்டார், தன் சொந்தக் கொள்ளுப்பாட்டன் ஹைன்ரிஷின் தாய் தகப்பனை மட்டும் பிடிக்க முடியவில்லை. 'எனக்கு எழுபத்தொன்பது வயது. தெரியாமல் சாக விருப்பமில்லை' என்று முடித்திருந்தார்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது! பழைய ஜெர்மன் கையெழுத்தை மூன்று வாரத்தில் பழகினேன். லிடியா கையால் வரைந்து அனுப்பிய கவுண்டி வரைபடத்தைக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். எந்த ஓடைக்கரையில் எவருடைய சோளவயல், எவர் எவரை மணந்தார்... எல்லாம் எனக்கு மனப்பாடம். பக்கத்து நகரத்துக்குப் போக முடியாதவன், காணாத அந்தக் கவுண்டியில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தேன்.

ஃபிராவ் ஹில்ட முதல் நாளே சொல்லியிருந்தார்: "முதலில் ஞானஸ்நானப் பதிவேடு. அடுத்தது அடக்கப் பதிவேடு. குழந்தை செத்துவிட்டதா என்று பார்க்காமல் யாருக்கும் பேரப்பிள்ளைகளைக் கொடுத்துவிடாதே, குமரன்."

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஹைன்ரிஷைக் கண்டுபிடித்தேன். பண்ணைக்காரர் மகன். அமெரிக்கக் கல்லறையில் இருந்த அதே பிறந்த ஆண்டு. குடும்பப் பெயராக அதே பண்ணைப் பெயர். மிச்சம் இருந்தது அடக்கப் பதிவேடு ஒன்றுதான்.

அந்த வாரம்தான் என் அகதி விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அறையில் என்னோடு இருந்த சிவம் அண்ணை பதறினார்.

"தம்பி, விசாரணை டெர்மின் முடியுமட்டும் அந்தச் செத்தவீட்டுக் கொப்பியைத் தொடாதை, சொல்லிப்போட்டன்."

"அண்ணை, அதில இருக்கிற சனம் செத்து நூறு வரியத்துக்கு மேல!"

"இருக்கட்டுமன். வெள்ளைக்காரன்ர துடக்கு எத்தினை நாளெண்டு உனக்குத் தெரியுமோ? எனக்கும் தெரியாது. அதுதான் சொல்லுறன்."

நூறு வருடத்துச் சாவுக்குத் தீட்டா என்று சிரித்தேன். ஆனால் தொடவில்லை! விடுதியில் எல்லாருக்கும் பகுத்தறிவு பேசியவன் நான். அடக்கப் பதிவேட்டின் கறுப்பு அட்டைக்கு முன்னால் கையை இழுத்துக்கொண்டேன். லிடியாவுக்கு மட்டும் உடனே எழுதிவிட்டேன். 'கண்டுபிடித்துவிட்டேன்!' என்று.

நான் இரண்டு பதிவேடுகளையும் பார்த்திருப்பேன் என்று ஃபிராவ் ஹில்ட நம்பினார். 'ஒரு வரியையும் தவறவிடாதவர், முழுமையாக நம்பத்தக்கவர்' என்று எனக்கு நற்சான்று எழுதித் தந்தார். விசாரணை நாளன்று அதிகாரி அதை என் கோப்பில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அடக்கப் பதிவேட்டைத் திறந்தேன்.

ஹைன்ரிஷ். பண்ணைக்காரர் மகன். வயது, பத்தொன்பது நாள்.

ஞானஸ்நானப் பதிவேட்டுக்கு ஓடினேன். அதே ஆண்டு, சில பக்கங்கள் தள்ளி, இன்னொரு ஹைன்ரிஷ். தாய் அன்னா, அதே பண்ணையில் வேலைக்காரி. தகப்பன் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது. ஓரத்தில் வேறொரு கையெழுத்து: 'அமெரிக்காவுக்குப் போனான்.' பண்ணையில் வேலை செய்தவர்களையும் பண்ணைப் பெயராலேயே அழைப்பது இங்குள்ள வழக்கம். அந்தப் பெயரோடுதான் அவன் கப்பலேறியிருக்கிறான்.

நீங்களாக இருந்தால் அன்றே எழுதியிருப்பீர்கள், இல்லையா?

லிடியாவின் பதில் வந்தது. குடும்ப ஒன்றுகூடலில் என் கடிதத்தை வாசித்தாராம். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். நூல் அச்சுக்குப் போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, திருத்தம் இருந்தால் எழுதுங்கள் என்றும் கேட்டிருந்தார்.

அந்தக் கடிதத்தைக் கோப்பில் இட்டபடி ஃபிராவ் ஹில்ட சாதாரணமாகக் கேட்டார்: "அடக்கப் பதிவேட்டையும் பார்த்துவிட்டாய்தானே?"

"யா," என்றேன்.

பார்த்திருந்தேன்தான். எப்போது பார்த்தேன், என்ன பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை... நான் சொல்லவுமில்லை.

மூன்று மாதம்! ஒவ்வொரு நாளும் ஒரு சமாதானம். வயதான பெண்ணை ஏன் நோகடிக்க வேண்டும்? தகப்பன் பெயரில்லாத ஒருவனை விடக் கௌரவமான பண்ணைக்காரர் மகன் நல்லதில்லையா? பொய்! எல்லாம் பொய். எனக்கிருந்தது பயம். என் கோப்பில் 'முழுமையாக நம்பத்தக்கவர்' என்று ஒரு தாள் இருந்தது. அது அங்கேயே இருக்க வேண்டும் என்று விரும்பினேன். என் கதை உண்மை, நம்புங்கள் என்று ஓர் அதிகாரியிடம் கைகூப்பியவன் நான்!

அந்தச் செத்த குழந்தை என்னை விடவில்லை. கடையில் தள்ளுவண்டிக்குள் ஒரு பிஞ்சுமுகம் திரும்பினால், எத்தனை நாள் இருக்கும் என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். பேருந்தில் அழுகை கேட்டால் அடுத்த தரிப்பில் இறங்கிவிடுவேன். பத்தொன்பது நாள் மூச்சுவிட்டவனுக்கு நான் ஒரு கடற்பயணம் கொடுத்தேன், சோளவயல் கொடுத்தேன், எட்டுப் பிள்ளைகள் கொடுத்தேன். அவன் கேட்டானா?

அன்னாவின் மகனோ... அவள் அவனை இருமுறை பறிகொடுத்தாள். ஒருமுறை கப்பலுக்கு. ஒருமுறை எனக்கு.

போன வாரம் நூல் தபாலில் வந்தது. கனத்த புத்தகம். நன்றியுரையில் என் பெயர், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல். பின்பக்கப் பெயர்ப் பட்டியலை ஆதியோடு அந்தமாகப் பார்த்தேன். அன்னா என்று எத்தனையோ பேர். அவள் இல்லை.

லிடியா இன்னும் உயிரோடு இருக்கிறார். அட்டையின் உட்புறத்தில் நடுங்கும் கையெழுத்தில் எனக்கு வாழ்த்து எழுதியிருக்கிறார். என் விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை.

இன்று மூன்று பதிவுகளையும் பிரதி எடுத்துவிட்டேன். கடிதமும் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி: 'உங்கள் கொள்ளுப்பாட்டனின் தாய் பெயர் அன்னா.' இரண்டாவது வரி என்னைப் பற்றியது. நான்கு தாள் கிழித்தாயிற்று.

அதற்கு முன் ஃபிராவ் ஹில்டவிடம் சொல்ல வேண்டும். நாளைக் காலை அலுவலகம் திறந்தவுடன் போகப்போகிறேன். கொடுத்த நற்சான்றைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் அதிகாரிக்கு எழுதிவிடுவாரா?... எழுதட்டும் என்று உங்களிடம் சொல்கிறேன். எழுதக் கூடாதே என்று இப்போதும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.