கூரை எட்டாத சுவர்

டெல்சி தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். மண் சரிந்து பாதை அடைபட்டால், தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில் உள்ள தன் வீட்டிலிருந்தே சர்வருக்குள் நுழைந்து வேலையை முடித்துவிடுவாள். அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

"வெளியிலிருந்து அட்மின் லாகின் வேண்டாம், மிஸ். ஆபத்து" என்று கொழும்பு இன்ஜினியர் போனில் மன்றாடினார்.

"பாஸ்வேர்ட் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுங்க சேர்!" என்று கத்தினாள் டெல்சி.

லயத்தில் நடுச்சுவர் கூரையை எட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த சண்முகவடிவு சிரித்தாள்.

"ஏன் புள்ள, அத கம்ப்யூட்டர்ல தட்டுறப்பல்லாம் ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்றியே! லயத்துக்கே மனப்பாடம்" என்றவள், பிசகாமல் ஒப்பித்தும் காட்டினாள்.

டெல்சி சட்டென்று போனைக் கையால் பொத்தினாள்.

"எனக்கும் கேட்டது, மிஸ்" என்றார் இன்ஜினியர்.