பின்கட்டில் இருந்தவர்

1989 ஜூன் 1: வாடகை ரூ. 300.
2009 ஏப்ரல் 1: வாடகை ரூ. 850.
2016 மார்ச் 5: மணியார்டர் ரூ. 850. வாங்க மறுத்துத் திரும்பியது.
2016 மார்ச் 21: வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ரூ. 850.
2022 டிசம்பர் 12: தரைத்தளம் விற்பனை, ரூ. 46,00,000.

முதல் நான்கு வரிகள் வைதேகி மாமியுடையவை. ஐந்தாவது முகுந்துடையது.

வங்காளிகள் வாழும் டாலிகஞ்சில் எங்கள் எதிர்வீட்டுத் தரைத்தளத்தின் பின்கட்டு, ஓர் அறையும் சமையலறையும்தான். தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தபோது மாமி அதைத் தன் பெயரில் வாடகைக்கு எடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ‘மாமி’ என்பது தெரு கொடுத்த பெயர். பத்திரம் ஏதும் எழுதவில்லை. வாய்ப்பேச்சு, மாதம் ஒரு ரசீது, அவ்வளவே.

வீட்டுக்காரர் காலமானபின் அவர் மகன் வாடகையை வாங்க மறுத்தார். சில மாதம் போனால் ‘பாக்கி வைத்தவர்’ என்று வெளியேற்றிவிடலாம் என்பது அவர் எண்ணம். மாமி விடவில்லை. மாதம் தவறாமல் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலக வரிசையில் நின்று கட்டினார். எண்பத்திரண்டு மாதங்களுக்கு எண்பது ரசீதுகள். 2020 ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் சேர்த்து ஒன்று. ஊரடங்கில் அலுவலகம் மூடியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு நகலை மாமி என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்.

முகுந்த் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. வேலை. முழங்கால் வலியால் மாடி ஏற முடியாத தன் அம்மாவுக்காகத் தரைத்தளம் தேடினார். தரகருடன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். மூன்று முறையும் மாமியின் அறையில், அவர் பெயரிலிருந்த மின்மீட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து ஃபில்டர் காபி குடித்தார். பின்கட்டு காலியாகவே வரும் என்று விற்றவரான அந்த மகன் சொல்லியிருந்தார். காபி கொடுப்பவரிடம் ‘நீங்கள் யார், எந்த உரிமையில் இருக்கிறீர்கள்’ என்று நம்மவர் யார் கேட்பார்? முகுந்தும் கேட்கவில்லை.

ஜனவரியில் கொத்தனாருடன் வந்து சுவரை அளந்தார்.

“எப்பங்க மாமி காலி பண்றீங்க?”

“நான் எதுக்குப்பா காலி பண்ணணும்? முப்பத்திமூணு வருஷமா வாடகைக்கு இருக்கேன்.”

“வாடகைக்கா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!”

“நீ கேக்கலையே. சக்கரை கம்மியாப் போடுங்கோன்னு மட்டும்தான் சொன்னே.”

கொத்தனாருக்குத் தமிழ் தெரியாது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்.

பிப்ரவரியில் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. ரசீதுகளின் நகலோடு மாமி பதில் அனுப்பினார். அதன்பின் ஒரு மாலை முகுந்த் என்னிடம் வந்தார். அவருடைய வக்கீல் பதிலைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாராம்: வாங்குவதற்கு முன் அந்த அம்மாளை அங்கே பார்த்தீர்களா?

“மூணு தடவை காபி குடிச்சேன்னு சொன்னனுங்க. அவர் ஃபைலை மூடிட்டாரு.”

ஒருவர் குடியிருப்பது கண்ணுக்குத் தெரிந்தால், அவருக்கு என்ன உரிமை என்று விசாரிப்பது வாங்குபவர் பொறுப்பு. விசாரிக்காவிட்டாலும் தெரிந்தே வாங்கியதாகத்தான் சட்டம் கொள்ளும். விற்றவர்மேல் வழக்குப் போடலாம்; மாமியை நகர்த்த முடியாது. என் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டிய முகுந்த், “அம்மாவுக்கு என்னங்க பதில் சொல்றது?” என்றார்.

மாமியிடம் இதைச் சொன்னேன்.

“அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அது முழுசும் நெஜமான்னு எனக்கே தெரியலை. ப்ரோமோட்டர் எவனாவது வாங்கி இடிச்சு ஃபிளாட் கட்டறதுக்கு இந்தப் பையன் வாங்கினாத் தேவலைன்னு இருந்தது. சொன்னா ஓடிடுவானோன்னு ஒரு பயம்.”

மறுநாள் முகுந்த் வந்திருந்தபோது மாமியே முன்கட்டுக்குப் போனார். தன் பக்கத்துச் சின்ன வராந்தாவை முகுந்தின் அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதாகவும், அதில் ஒரு குளியலறை கட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அறையைப் பற்றிப் பேசவில்லை. முகுந்த் கேட்டுக்கொண்டு கிளம்பினார். காபிக்குக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றார்.

மழைக்காலம் தொடங்கியது முதல் தபால்காரர் மணியடிக்கும்போதெல்லாம், கோர்ட் நோட்டீஸோ என்று மாமி எழுந்து வாசலுக்கு வந்தார். கடைசியில் பதிவுத் தபாலில் முகுந்தின் கடிதம் வந்தது, தமிழில், கைப்பட எழுதியது: வாடகையை இனி என்னிடமே கொடுங்கள், ரசீது தருகிறேன், அடுத்த மாதம் அம்மா வருகிறார், வராந்தாவுக்கு நன்றி.

வந்து சேர்ந்த தேதி: 2023 ஆகஸ்ட் 18.