கன்னத்தில் ஒரு சொட்டு

நாய்களுக்குத் தடுப்பூசி போட எம். புதுப்பட்டிக்குப் போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பட்டாசு வேலைக்குப் போனவர். கண் திறக்காத மூன்று நாய்க்குட்டிகளை மடியில் குப்புறக் கிடத்தி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் ஆட்டுப்பால் புகட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டைக் கன்னத்தில் விட்டுச் சூடு பார்த்தார். தீயில் வெந்த கைகளுக்குச் சூடு தெரியாதாம்.

தாய் நாய் சுவரோரம் நடுங்கியபடி படுத்திருந்தது.

“போன வாரம் பக்கத்துக் கம்பெனி வெடிச்சதுல இதுக்குப் பால் வத்திப்போச்சு சார்.”

“சத்தத்துக்கா பால் வற்றும்?”

“என்ன இப்படிக் கேக்கீக? நான் வெந்தப்ப எனக்கும் வத்துச்சே. எம்புள்ளைக்கு அப்ப மூணு மாசம்.”

அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று நான் கேட்கவில்லை. அவர் அடுத்த குட்டியை எடுத்துக்கொண்டார். கேட்டிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.