சிறுநீரகத்துக்குக் காது உண்டு

"உஷ்!" என்று உதட்டில் விரலை வைத்துக்கொண்டே, மறுகையால் மந்திரியின் மச்சினனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறார் டாக்டர் ருமியானா சலகோவா. உள்ளே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க ஒருவர் அசையாமல் படுத்திருக்கிறார். பிளவ்டிவ் நகர மருத்துவமனையின் ரத்தக்கொதிப்புப் பிரிவில் மந்திரி வீட்டுக்கும் மாவு மில்லுக்கும் ஒரே சட்டம்தான்.

"பென்ஷன், அரசியல், மருமக சண்டை எதையும் அவர்கிட்ட பேசாதீங்க. சிறுநீரகத்துக்குக் காது இருக்கு!"

அவர் விளையாட்டாகச் சொல்வதில்லை. கோபமோ பயமோ வந்தால், சும்மா எழுந்து நின்றால்கூட, உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்பு சிறுநீரகத்தைச் சீண்டும். அது ரெனின் என்ற சுரப்பை ரத்தத்தில் விடும், அழுத்தம் ஏறும். இதை விளக்கும்போது ருமியானாவுக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளாது. தயிர்க் கிண்ணம் சிறுநீரகமாகும், கழுத்துத் துண்டு நரம்பாகும். "இழுக்கிறேன், பாருங்க!" ஒருமுறை தலைமை நர்சின் மடியெல்லாம் ரெனின்.

ரொட்டி அடுப்புத் தொழிலாளி பென்யோவுக்கு அழுத்தம் எகிறியிருந்தது, ரெனினோ அடங்கிக் கிடந்தது. அப்படியானால் அழுத்தத்தை ஏற்றும் குற்றவாளி சிறுநீரகம் இல்லை, அதன்மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி என்றார்கள். ஸ்கேன் படத்தில் அங்கே ஒரு சிறு கட்டியும் தெரிந்தது. மறுநாள் காலை அதை அறுத்தெடுப்பதாக முடிவாகி, விலாவில் நீல மையால் சிலுவைக்குறியும் போட்டாயிற்று.

அன்று மாலை ருமியானா அவரைப் பார்க்கப் போனபோது, பென்யோ தலையை அண்ணாந்து கண்ணில் எதையோ விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அது?"

"கண் சொட்டுங்க, டாக்டரம்மா. கண்ணுல அழுத்தம்னு நாலு வருஷமா விடுறேன்."

"ரத்தம் எடுக்கிறதுக்கு முன்னாடியே மருந்தை எல்லாம் நிறுத்தச் சொன்னோமே!"

"மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டேனே. இது கண்ணுக்குத்தானே?"

குப்பியின் பெயரைப் படித்ததும் ருமியானா துள்ளிக் குதித்துவிட்டார். அந்தச் சொட்டு மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். நரம்பின் கூப்பிடு குரல் சிறுநீரகத்துக்கு எட்டாதபடி அடைக்கும், ரெனினும் அடங்கிவிடும். "நரம்பு கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்கு! நீங்க காதைப் பொத்திட்டீங்க, மனுஷா!"

சத்தம் கேட்டு வந்த அறுவை டாக்டர் வெலிச்கோவ் சிரித்தார். "கண்ணுல விட்ட சொட்டு இடுப்புல போய்ப் பேசுமாக்கும்? கட்டி தெரியுதே, போதாதா? முன்னாடியே சொல்லாதது இவர் தப்பு."

"இவர் தப்பா? 'என்ன மாத்திரை'ன்னு கேட்டோம். நானும்தான் கேட்டேன். சொட்டைப் பத்தி எவன் கேட்டான்? நம்ம வாய் செஞ்ச தப்புக்கு இவர் உடம்பைக் கிழிப்பீங்களா? ஒரு கெடுதலும் பண்ணாம சும்மா கிடக்கிற கட்டி எத்தனை பேருக்கு இருக்கு! கண் டாக்டர்கிட்ட சொல்லி வேற சொட்டு மாத்துவோம். சில வாரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்போம். அப்பவும் சுரப்பிதான் குற்றவாளின்னா, கத்தியை நானே தீட்டித் தர்றேன்."

"அறுவை அறை கிடைச்சதே பெரிய பாடு. நாளைக்குன்னா நாளைக்குத்தான்."

பென்யோ இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "டாக்டரம்மா, அப்ப எனக்கு..."

ருமியானா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார். "ஒருக்களிச்சுப் படுங்க" என்று சட்டையைத் தூக்கி, வெலிச்கோவின் கண்முன்னே அந்த நீலக் குறியை அழுத்தி, அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.