ஸ்டெப் மார்க் இல்லாத கணக்கு

இரண்டாயிரத்துக்குப் பிறகான முதல் சில ஆண்டுகள். திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் நான் கணக்கு விரிவுரையாளர். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் அப்போதுதான் ஆப்டிட்யூட் தேர்வு வைக்கத் தொடங்கியிருந்தன. அதற்கான மாலை வகுப்பு என் தலையில் விழுந்தது. வரலாற்று மாணவிகள் சிலரையும் அதில் சேர்த்துக்கொண்டேன். "வரலாறு படிக்கிறதுகளுக்கு எதுக்கும்மா கணக்கு?" என்றார் எங்கள் துறைத்தலைவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதற்காகவே இன்னும் நாலு பேரைச் சேர்த்தேன்.

முதல் மாதிரித் தேர்வில் நேரம் முடிவதற்குள் யாரும் பாதிக் கேள்விகளைக்கூடத் தாண்டவில்லை. தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஸ்கேல் வைத்து மார்ஜின் போட்டு, கேள்வியை அப்படியே எழுதி, 'தீர்வு' என்று அடிக்கோடிட்டு, வரிவரியாகக் கணக்குப் போட்டிருந்தார்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பழக்கம். அங்கே விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. அதிலும் வேடசந்தூரிலிருந்து வந்த வரலாற்று மாணவி ஒருத்தியின் தாளை ஃபிரேம் போட்டு மாட்டலாம். படிப்பு முடிந்ததும் அவளை அக்காவோடு நூல் மில்லுக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அதிலிருந்து தப்பிக்கத்தான் என் வகுப்புக்கே வந்தாள்.

மறுநாள் எல்லாருடைய பேனாவையும் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

"மிஸ், ஸ்டெப் மார்க் அம்புட்டும் போயிருமே!" என்று அலறினாள் வேடசந்தூர்க்காரி.

"இதுல ஸ்டெப் மார்க்கே கெடையாது. கையக் கட்டிக்கிட்டு, கேள்விக்குக் கீழ குடுத்திருக்குற நாலு விடைகளப் பாரு. எது வரவே வராதுன்னு மொதல்ல சொல்லு."

தினமும் இதே கூத்துதான். 'கைகட்டி வகுப்பு' என்று கல்லூரியே எங்களைக் கிண்டலடித்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தேர்வில் அவள்தான் முதல். துறைத்தலைவர் அவளுடைய ரஃப் தாளைத் தேடி எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். அதில் ஒரு கோடுகூட இல்லை. "ஒண்ணுமே போடாம விடை எப்படி சார் வரும்? பக்கத்துல பாத்து எழுதியிருக்கா."

அவள் முகம் வெளுத்துப்போனது. சட்டென்று நடுவில் போய் நின்றேன். பேனாவைப் பிடுங்கியவள் நானாயிற்றே!

"இங்கயே ஒரு கணக்குக் கேளுங்க சார்" என்றேன்.

அதிகாரி கரும்பலகையில் எழுதினார்: 650இல் 48 சதவீதம் எவ்வளவு? கீழே நான்கு விடைகள்: 312, 338, 364, 390.

அவர் சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "312 சார். பாதின்னாலே 325தான். இது பாதிக்கும் கம்மி. மத்த மூணும் பாதியத் தாண்டிருச்சே."

அவர் சிரித்துவிட்டார். இன்னும் சில கேட்டார். எல்லாவற்றுக்கும் டக்கு டக்கென்று பதில் வந்தது. வேலைக்கு எடுத்துக்கொள்வதாக அங்கேயே சொன்னார். அவள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அப்ப மில்லுக்குப் போக வேணாம்ல மிஸ்?" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எந்த டிபார்ட்மெண்ட்மா நீ?" என்று அதிகாரி கேட்டார்.

அவள் வாய் திறக்குமுன், "வரலாறு!" என்று நான் கத்தினேன். வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். துறைத்தலைவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.